ஏழு வருடமாகக் குடிக்காத தண்ணீர்

அன்று காலை வேரோனிக்காவுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானா ஒபோரியைக் கட்டிலிலிருந்து எழுப்பிச் சக்கர நாற்காலியில் இருத்தப்போவது யார்?

கூட வந்த இருவருக்கும் கவலைகள் வேறு. அமிர்தநாதருக்கு, தன் பிரியாவிடை உரை எட்டுப் பக்கத்தோடு நின்றுவிட்டதே என்ற கவலை. கிளிபோட்டுக்கு, வானின் பின்பக்கம் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த ரோல்ஸ் நசியாமல் போய்ச் சேரவேண்டுமே என்ற கவலை.

“அண்ணை, நீங்கள் எட்டுப் பக்கத்தையும் வாசிச்சு முடிக்க ரோல்ஸ் ஐஸ்கட்டியாப் போயிடும்,” என்றான் கிளிபோட், வானை நெடுஞ்சாலைக்குத் திருப்பிக்கொண்டே.

“உனக்கு எப்பவும் வயித்துக் கதை. ஏழு வருசப் பணியடா. ரெண்டு வசனத்திலை சொல்லி முடிக்கேலுமே?”

“வேரோனிக்கா அக்கா முடிப்பா. கேட்டுப் பாருங்கோ.”

“வந்தம், செய்தம், போறம்,” என்றாள் வேரோனிக்கா.

“பாத்தியளே? அதிலையும் ஒரு சொல்லு மிச்சம் பிடிக்கலாமோ எண்டு யோசிக்கிறா.”

ஸ்காபரோவிலுள்ள தமிழ்க் கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் மறைப்பணிக் குழு அது. ‘ஆபிரிக்கா குறூப்’ என்று பங்கில் அதற்குப் பெயர். பெயரைக் கேட்டு விமானம் ஏறும் குழு என்று நினைத்தவர்களும் உண்டு. உண்மையில் அவர்கள் போனது நானூற்றொன்று நெடுஞ்சாலையில் மேற்கே முப்பத்தைந்து நிமிடம். தெருவில் வேலை நடந்தால் ஒரு மணி நேரம். ஜேன் தெருவுக்கு அப்பால், கிடங்குகளுக்கு நடுவே ஒரு வாடகை மண்டபத்தில் கானா நாட்டவர்களின் சபை ஒன்று கூடும். ஏழு வருடத்துக்கு முன்னர் இரண்டு சபைகளும் பங்காளிகளாகின. பாப்பரசர் பெயரும் மறைபரப்பும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தாலும், விஷயம் இதுதான்: கானாக்காரரிடம் படுக்கையோடு கிடந்த ஆறு முதியவர்கள் இருந்தார்கள்; அவர்களைக் கோயிலுக்குக் கொண்டுவர வழியில்லை. தமிழரிடம் சக்கர நாற்காலி ஏற்றும் வான் ஒன்று சும்மா நின்றது. முதியோர் பராமரிப்பு வேலை படித்த பெண்களோ கோயில் வாங்குக்கு நாலு பேர். ஒன்றோடொன்றைச் சேர்த்துவிட்டார்கள்.

தொடங்கியபோது குழுவில் எட்டுப் பேர், முதியவர்கள் ஆறு பேர். இப்போது குழுவில் மூன்று பேர், முதியவர் ஒருவர். மற்ற ஐவரும் காலம் முடிந்து போய்விட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட முதுகில் படுக்கைப்புண் இருக்கவில்லை என்பதுதான் வேரோனிக்கா தனக்கென்று வைத்திருந்த ஒரே பெருமை.

குழு கலைந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அமிர்தநாதருக்கு எழுபத்தொன்பது வயது. மகள் ஒட்டாவாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள். கிளிபோட்டுக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில், ஞாயிறு வேலை. வேரோனிக்காவின் மகன் றிச்சர்ட் நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிவிட்டான்; அவளும் அவனோடு போகிறாள். வியாழக்கிழமை சாமான் ஏற்ற லொறி வருகிறது. கார் ஓட்டத் தெரியாதவளுக்கு ஸ்ரௌவ்வில் ஒரு தீவுதான். மூன்றும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தன. கானாச் சபை நகரத்தின் சக்கர நாற்காலிப் பேருந்துக்கு விண்ணப்பித்துவிட்டது. அது வாசலுக்கே வரும். ஆனால் எந்தப் பேருந்தும் கட்டிலடிக்கு வராது. கட்டிலிலிருந்து நாற்காலி வரையான அந்த ஒன்றரை அடிதான் மிச்சம்.

வேரோனிக்கா மன்னாரில், பேசாலையில் பிறந்தவள். தொண்ணூறில் கனடா வந்து, பிளாஸ்டிக் மூடி வார்க்கும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் நின்றாள். கணவர் மாரடைப்பில் போனபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அழுகை ஒரு பக்கம் இருக்க, மாலை வகுப்பில் சேர்ந்து முதியோர் பராமரிப்புப் படித்தாள். அதன்பின் பதினாறு வருடம் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வுபெற்றாள். மறுநாள் தலைக்குக் குளித்தாள். அதற்கு அடுத்த நாள் ‘ஆபிரிக்கா குறூப்’ வானில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

வேலையில் அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. தொடமுதல் சொல்லவேண்டும். அக்குளுக்குள் கைகொடுத்து யாரையும் தூக்கக்கூடாது. ஒருவர் தானே செய்யக்கூடியதை அவருக்காகச் செய்துவிடுவது உதவியல்ல, திருட்டு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, நடுவில் படுத்திருப்பவர் தலைக்கு மேலால் “இவருக்கு இண்டைக்கு வயித்தாலை போச்சு” என்று கதைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஆள் முழிச்சுக்கொண்டுதானே கிடக்கிறார், அவரைக் கேள்!” என்று வராந்தா அதிரச் சொல்லுவாள்.

நானா ஒபோரிக்கு எண்பத்தெட்டு வயது. ‘நானா’ என்பது கானாவில் பெரியவர்களுக்குரிய மரியாதைச் சொல். மன்னார்க்காரிக்கு அந்தச் சொல் வாயில் வர நேரமெடுக்கவில்லை; ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரை ‘நானா’ என்றே கூப்பிட்ட பழக்கம். நானாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் பலவீனம், வலப்பக்கம் நல்ல பலம். கிழமை நாட்களில் ஒரு பெண் வந்து படுக்கையிலேயே கழுவித் துடைத்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் எழும்பி, தங்கள் ஊர் முறையில் ஒரு பெரிய துணியைத் தோளில் போட்டு, சபையின் முன்வரிசையில் போய் இருப்பார். சபையின் மூத்தவர் அவர்தான். அவர் வராமல் பாட்டுத் தொடங்காது.

அவருடைய மகள் அபேனாவுக்கு ஐம்பத்துநாலு வயது. விடுதி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. இரண்டு வருடத்துக்கு முந்திய குருத்து ஞாயிறன்று வேரோனிக்காவுக்குக் காய்ச்சல். அபேனா தானே தகப்பனைத் தூக்கப் போய், இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். அன்றிலிருந்து நானா மகளைத் தூக்க விடுவதில்லை.

கடந்த நான்கு ஞாயிறாக வேரோனிக்கா அபேனாவைப் பழக்கினாள். கிளிபோட்டைக் கட்டிலில் இருத்தி, இடுப்புப் பட்டி கட்டி, எழுப்பிக் காட்டச் சொன்னாள். தொண்ணூற்றெட்டுக் கிலோ கிளிபோட்டை அபேனா பூப்போல எழுப்பி இருத்தினாள். “அக்கா, எனக்கும் ஒரு ஆள் கிடைச்சிட்டுது, நான் இஞ்சையே நிக்கிறன்,” என்று அவன் வேறு பகிடி விட்டான். ஆனால் கிளிபோட்டின் பாதிகூட இல்லாத தகப்பனிடம் போனால், அவர் பலகைபோல் விறைத்துவிடுவார். முழங்கால் மடியாது, இடுப்பு வளையாது. நான்கு ஞாயிறும் கடைசியில் வேரோனிக்காவே எழுப்பவேண்டியிருந்தது.

இன்று ஐந்தாவது ஞாயிறு. இதற்குப் பிறகு ஞாயிறு இல்லை.

கிளிபோட் வானோடு கீழே நின்றான். வேரோனிக்காவும் அமிர்தநாதரும் ஒன்பதாம் மாடிக்குப் போனார்கள். அபேனா கதவைத் திறந்தாள். வழக்கம்போல் கையில் ஒரு தட்டு, தட்டில் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர்.

“வேண்டாம் அபேனா, நேரமில்லை,” என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டே வேரோனிக்கா கை கழுவப் போனாள். இருவரும் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் வேரோனிக்கா அதைக் காதில் வாங்கும்போதே தன் தமிழுக்கு மாற்றிக்கொள்வாள்; ஆகவே இங்கும் அப்படியே சொல்லிவிடலாம்.

அறைக்குள் போய் அபேனாவை ஒரு பக்கம் நிறுத்தி, மறுபக்கம் தான் நின்று, எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். நாற்காலி வலப்பக்கம். தடை இரண்டும் பூட்டு. கால்தட்டு விலக்கு. சப்பாத்துப் போடாமல் எழுப்பாதை. பட்டி இரண்டு விரல் நுழையுமளவுக்கு இறுக்கம். இடது முழங்காலுக்கு உன் முழங்காலை அண்டை கொடு. நானா நடுவில் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, பிடி. ஒண்டு, ரெண்டு, மூண்டு.”

நானா விறைத்தார்.

திரும்பவும் எண்ணினார்கள். திரும்பவும் விறைத்தார். மூன்றாவது தரம் கண்ணையும் மூடிக்கொண்டார். அபேனாவின் கைபேசி அடித்தது. மண்டபத்திலிருந்து. எல்லாரும் வந்தாயிற்று, மேளம் சூடாக்கியாயிற்று, எங்கே நிற்கிறீர்கள்?

“அஞ்சு நிமிசம்,” என்றாள் அபேனா. ஐந்து நிமிடத்துக்குக் கானாவிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே நீளம்தான். மறுபக்கத்தில் யாரும் அவசரப்படவில்லை.

அமிர்தநாதர் கதவு நிலையில் சாய்ந்தபடி இருமினார். “தங்கச்சி, இண்டைக்கு ஒரு நாள் நீர்தான் தூக்கி இருத்திவிடுமன். சனம் பாத்துக்கொண்டிருக்குது.”

“நான் இண்டைக்குத் தூக்கினால் அடுத்த கிழமை ஆர் அண்ணை தூக்கிறது? நீங்கள் ஒட்டாவாவிலயிருந்து வருவியளோ?”

“அதுக்குச் சொல்லேல்லை...”

“இண்டைக்கு இவர் மகளின்ரை கையாலை எழும்பினால்தான் எழும்பினது. இல்லாட்டி இனி எப்பவும் இந்தக் கூரைதான் அவருக்கு.”

அபேனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் பொறுமை போய்விட்டது. “சிஸ்டர் வேரோ, உங்களிட்டை ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக்கூடாது.”

“கோவிக்க நேரமில்லை. சொல்லு.”

“ஏழு வருசமா இந்த வீட்டுக்கு வாறியள். ஒரு நாள்கூட எங்கடை தண்ணியைக் குடிச்சதில்லை.”

வேரோனிக்காவுக்கு விளங்கவில்லை. “எனக்குத் தாகமில்லை.”

“தாகத்துக்குக் குடுக்கிறேல்லை. எங்கடை வீடுகளிலை வந்த ஆளை இருத்தி, முதல் தண்ணி குடுக்கிறது. குடிச்ச பிறகு வீட்டுக்குப் பெரியவர் கேப்பார், என்ன சேதியாய் வந்தனீங்கள் எண்டு. வந்தவை சொல்லுவினம். அதுக்குப் பிறகுதான் வந்தது வந்ததாகும். நீங்கள் நேரே கை கழுவப் போயிடுவியள். அப்பா எனக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கிறார் தெரியுமோ? நல்ல மனிசி, ஆனால் இன்னும் வந்து சேரேல்லை எண்டு. வந்து சேராத ஆள் எப்பிடி விடைபெறுறது?”

அமிர்தநாதர் மெல்லிய குரலில், “அருமையான வழக்கம்,” என்றார். குறிப்பெடுக்கக் கை சட்டைப்பைக்குப் போனது.

வேரோனிக்கா நானாவைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்திருந்தார். கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, நடுவில் இருப்பவரின் தலைக்கு மேலால் ஐந்து ஞாயிறாகத் தான் செய்துகொண்டிருந்தது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் வராந்தா அதிர்ந்திருக்கும்.

“கதிரை கொண்டா,” என்றாள். “தண்ணியும் கொண்டா.”

கதிரை வந்தது. இருந்தாள். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அபேனா பதறி, ஒரு வாய் போதும், முழுக்கக் குடிக்கவேண்டும் என்றில்லை என்றாள். ஏழு வருடத்துக்கும் சேர்த்துக் குடித்ததாக இருக்கட்டும் என்றாள் வேரோனிக்கா.

நானா தொண்டையைச் செருமினார். அவருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். ஊரில் தபாற்கந்தோரில் முப்பது வருடம் இருந்தவர். ஆனால் முறையான பேச்சை நேரே எடுத்து அடுத்தவர் முகத்தில் போடக்கூடாதாம். நடுவில் ஒருவர் வாங்கிக் கொடுக்கவேண்டுமாம். நானாவுக்கு அபேனா. வேரோனிக்காவுக்கும் ஒருவர் வேண்டும்.

அமிர்தநாதர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் பூட்டினார். இந்த வேலைக்காகவே ஒட்டாவா போகாமல் இருந்தவர்போல முன்னால் வந்து நின்றார்.

நானா தன் மொழியில் கேட்டார். அபேனா சொன்னாள்: “இஞ்சை எல்லாரும் சுகம். நீங்கள் வந்த சேதி என்ன எண்டு நானா கேக்கிறார்.”

“அண்ணை, சொல்லுங்கோ,” என்றாள் வேரோனிக்கா தமிழில். “நான் வியாழக்கிழமை வீடு மாறிப் போறன். இனி வரமாட்டன். முறை தெரியாமல் இவ்வளவு நாளும் தண்ணி குடிக்காமல் விட்டது என்ரை பிழை. இவரைக் கேக்காமல் இவரை மகளிட்டை ஒப்படைக்கப் பாத்ததும் பிழை.”

அமிர்தநாதர் ஆங்கிலத்தில் எடுத்தார். “மாண்புக்குரிய நானா அவர்களே! நீலக் கடல் சூழ்ந்த பேசாலையிலே பிறந்து, பனியும் குளிரும் பாராது...”

“நான் அவ்வளவு சொல்லேல்லை அண்ணை.”

“பொறும் தங்கச்சி, முகவுரை.”

“முகவுரை வேண்டாம். பிழை ரெண்டையும் சொல்லுங்கோ.”

சொன்னார். பிழை இரண்டும் முகவுரையோடுதான் போயின. ஆனால் போய்ச் சேர்ந்தன. நானாவின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. அவர் மெதுவாக, நீளமாகப் பேசினார். அபேனா வாங்கிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“என்னவாம்?” என்றாள் வேரோனிக்கா.

நானாவே முறையை விட்டுவிட்டு நேரே ஆங்கிலத்தில் சொன்னார். “அவளின்ரை முதுகு. அண்டைக்கு நான் அவளுக்கு மேலைதான் விழுந்தனான். மூண்டு மாசம் வேலைக்குப் போகேல்லை. நான் விறைச்சுக்கொண்டால் தூக்கமாட்டாள். தூக்காட்டி முதுகு தப்பும்.”

“அப்பிடியெண்டால் உங்களுக்கு விழுந்திடுவன் எண்ட பயமில்லையோ?”

“எனக்கு எண்பத்தெட்டு. இனி விழுந்தால் என்ன, படுத்தால் என்ன? அவளுக்கு வேலை இருக்கு.”

வேரோனிக்கா கதிரையில் சாய்ந்தாள். இரண்டு வருடமாகத் தன் மனக்கொப்பியில் ‘பயம்’ என்று எழுதி வைத்திருந்தாள். யாருக்குப் பயம், எதற்குப் பயம் என்று ஒரு வாய்ச்சொல் கேட்கவில்லை.

“இவ்வளவுதானே?” என்றாள். “இதை முதலே சொல்லியிருக்கலாமே?”

“நீங்கள் கேக்கேல்லை,” என்றார் நானா.

வேரோனிக்கா எழும்பிக் கதிரையை அவருக்கு நேர்முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான்கு ஞாயிறாக மகளுக்குச் சொன்னதை இப்போது தகப்பனுக்குச் சொன்னாள்.

“உங்களை அவள் தூக்கப்போறேல்லை. நீங்கள்தான் எழும்பப்போறியள். அவள் வெறும் கைப்பிடி. கட்டில் நுனிக்கு வாங்கோ. ஓம். வலது காலைப் பின்னுக்கு இழுங்கோ. இப்ப மூக்கைக் கொண்டுபோய்ப் பெருவிரலுக்கு நேரே வையுங்கோ. மூக்கு முன்னுக்குப் போனால் பின்பக்கம் தானா எழும்பும். விறைச்சால்தான் முழுப் பாரமும் அவளின்ரை முதுகிலை. குனிஞ்சால் உங்கடை காலிலை. மகளின்ரை முதுகு தப்பவேணுமோ, குனியுங்கோ.”

நானா யோசித்தார். தபாற்கந்தோர்க்காரர், விஷயம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஒரு தரம் மூக்கையும் ஒரு தரம் கால் விரலையும் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

அபேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பட்டியைப் பிடித்தாள். வேரோனிக்கா எண்ண வாயெடுத்தாள். நானா கையைக் காட்டி நிறுத்தினார். அவரே எண்ணினார், ஏழு வருடமாக அவள் எண்ணிக் கேட்ட பேசாலைத் தமிழில்: “ஒண்டு... ரெண்டு... மூண்டு.”

பாதி எழும்பிப் பொத்தென்று திரும்பவும் கட்டிலில் இருந்தார். அபேனா பட்டியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“முதுகு நொந்ததோ?” என்று நானா மகளைக் கேட்டார்.

“இல்லை.”

“உண்மையா?”

“உண்மையா அப்பா. பாரமே தெரியேல்லை.”

“அப்ப வா.” இரண்டாம் தரம் எண்ணினார். மூக்கு முன்னுக்குப் போனது; பின்பக்கம் எழும்பியது; அபேனாவின் முழங்கால் அவருடைய இடது முழங்காலுக்கு அண்டை நின்றது. இரண்டு பேரும் ஒரு சின்ன வட்டம் சுழன்றார்கள். நானாவின் வலக்கை நாற்காலிக் கையைத் தேடிப் பிடித்தது. இருந்தார். முதியோர் இல்லத்தில் என்றால் வேரோனிக்கா அந்தச் சுழற்சிக்குப் பத்துக்கு எட்டுப் புள்ளி கொடுத்திருப்பாள். அபேனாவின் வலது பாதம் கொஞ்சம் அகலப் போய்விட்டது.

“பாதத்தைக் கவனி,” என்றாள். கைகள் இரண்டையும் அதுவரை முதுகுக்குப் பின்னால் கட்டி வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

மண்டபத்துக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாகியிருந்தது. ஒருவரும் அதைப் பிழையாக எடுக்கவில்லை. நானாவின் நாற்காலியை அபேனா தள்ளிக்கொண்டு வந்ததும், பின்னால் வேரோனிக்கா வெறுங்கையோடு நடந்து வந்ததும் வாசலிலேயே தெரிந்துவிட்டது. பெண்கள் கூவிய கூவலில் மேளம் தானாகவே தொடங்கியது.

பிரியாவிடை நிகழ்ச்சி முறையாக அச்சிட்ட தாளில் இருந்தது. தாளின்படி எதுவும் நடக்கவில்லை. அமிர்தநாதர் கொண்டுவந்த பொன்னாடையைச் சபைப் போதகருக்குப் போர்த்தினார். போதகர் அதைக் கடைசிவரை கழற்றவில்லை. சோறு பரிமாறும்போதும் அதோடுதான் நின்றார். உரையில் இரண்டு பக்கம் வாசிக்க விட்டார்கள். மூன்றாம் பக்கத்துக்குத் திருப்பியபோது, பெண்கள் வெள்ளைக் கைக்குட்டைகளை வீசிக்கொண்டு ஆடி ஆடி வந்து அவரையும் வரிசைக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். எழுபத்தொன்பது வயதில் அமிர்தநாதர் ஆடியதைப் பார்த்தவர்கள், மிச்சம் ஆறு பக்கத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. கிளிபோட் ஆட்டத்தில் கெட்டிக்காரன். அவனைக் கைதட்டி நடுவில் விட்டார்கள். வேரோனிக்காவும் ஆடினாள். சூடான தரையில் நடப்பவள்போலத்தான் ஆடினாள், ஆனால் ஆடினாள்.

ரோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது. தக்காளியில் வேகவைத்த சிவப்புச் சோறும் பொரித்த மீனும் வந்தன. “உறைப்புக் காணாது எண்டு சொல்லுறதுக்கு ஒண்டுமில்லை,” என்றான் கிளிபோட், கண்ணில் நீர் வழிய. மூவருக்கும் ஆளுக்கொரு துணி பரிசாகத் தந்தார்கள். ஒவ்வொன்றும் ஆறு முழம். வேரோனிக்கா விரலால் நெசவைத் தடவிப் பார்த்து, நல்ல பருத்தி, சாயம் போகாது என்று அபேனாவிடம் சொன்னாள். அபேனாவுக்கு அது போதும்.

ஐந்து மணிக்கு நானாவைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெய்யில் நல்லாக இருந்தது. அபேனா நாற்காலியைப் படுக்கையறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வேரோனிக்கா பின்னால் போகவில்லை. குசினிக்குப் போய், ரோல்ஸ் கொண்டுபோன தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். தண்ணீர்க் குழாயை மெல்லிதாகத்தான் திறந்தாள்.

உள்ளேயிருந்து கேட்டது: “ஒண்டு. ரெண்டு. மூண்டு.” பிறகு கட்டில் கம்பி கிரீச்சிட்டது. பிறகு நானாவின் சிரிப்பு, அதைத் தொடர்ந்து அபேனா ஏதோ திட்டுவது.

வேரோனிக்கா குழாயை முழுக்கத் திறந்து தட்டுகளைக் கழுவி முடித்தாள்.

இந்தத் தரம் அவள் முறையைப் பிசகவிடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டிலடியில் உட்கார்ந்தாள். அமிர்தநாதரைக் கூப்பிட்டாள். கிளிபோட்டும் வானைப் பூட்டிவிட்டு வந்து சுவரோரம் நின்றான்.

“அண்ணை, போகப்போறன் எண்டு சொல்லுங்கோ. வேறை என்ன கேக்கவேணும்?”

அமிர்தநாதர் அபேனாவைக் கேட்டார்; அவள் சொல்லிக்கொடுத்தாள். வழியைக் கேட்கவேண்டும். வீட்டுக்குப் பெரியவர் வழி தந்தால்தான் வந்தவர் புறப்படலாம்.

அமிர்தநாதர் நெஞ்சில் கைவைத்து, இந்த முறை ஒரே வசனத்தில் கேட்டார்: “எங்கடை சகோதரி வழி கேக்கிறா.” களைத்துப் போயிருந்தார், பாவம், ஆடியது காலைப் பிடித்துவிட்டது.

நானா கூரையைப் பார்க்கவில்லை. வேரோனிக்காவைப் பார்த்தார். ஏதோ இரண்டே சொல் சொன்னார்.

“என்னவாம்?”

“தந்திட்டார்,” என்றாள் அபேனா. “பாதி வழி.”

“பாதியோ? ஏன், மற்றப் பாதிக்கு என்ன நடந்தது?”

“விருப்பமான ஆளுக்கு முழு வழியும் குடுக்கிறேல்லை சிஸ்டர். முழுக்கக் குடுத்தால், இனி வரத் தேவையில்லை எண்டு அர்த்தம். பாதியைக் குடுத்திட்டு மற்றப் பாதியை வீட்டிலை வைச்சிருப்பம்.”

வேரோனிக்கா நேரே நானாவிடம் திரும்பினாள். “நானா, வியாழக்கிழமை லொறி வருது. ஸ்ரௌவ்வில் எங்கை இருக்கெண்டு தெரியுமோ? அங்கையிருந்து இஞ்சை வாறது லேசில்லை. நான் முறையா விடைபெறத்தான் இவ்வளவும் செய்தனான்.”

“லொறி போகட்டும்,” என்றார் நானா. “நான் லொறிக்கு வழி குடுக்கேல்லை.” சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கண் மூடலுக்கு மேல் யாரும் பேச முடியாதென்று வேரோனிக்காவுக்குத் தெரியும்.

அவருடைய குதிக்கால் மெத்தையில் படாமல் தலையணை சரியாக வைத்திருக்கிறதா என்று போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அபேனா வைத்ததுதான்.

வான் நெடுஞ்சாலையில் ஏறியபோது அமிர்தநாதர் முன் இருக்கையில் தூங்கிப்போயிருந்தார். வாசிக்காத ஆறு பக்கமும் மடியில் கிடந்தன. பின்னால், வெறும் தட்டுகளுக்குப் பக்கத்தில், வேரோனிக்கா பரிசுத் துணியை மடித்தபடி இருந்தாள்.

“அக்கா,” என்றான் கிளிபோட், கண்ணாடியில் பார்த்து. “உங்களுக்குப் பாதி வழிதானே தந்தவர்? அப்ப அரைவாசியிலை, யங் ஸ்ரீற்றோடை இறக்கிவிடட்டோ?”

“றோட்டைப் பாத்து ஓடு.”

“இல்லை, பிறகு அந்த மனுசன் என்னைப் பிடிக்கும், குடுத்ததுக்கு மேலை ஏன் கொண்டுபோனனி எண்டு. ஏழு வருசமாப் போய்வந்ததுக்கு முழுசாத் தந்திருக்கலாம். நீங்கள் வடிவாக் கேட்டிருக்கவேணும்.”

வேரோனிக்கா துணியின் நாலு மூலையையும் ஒன்றாகப் பிடித்து, மடிப்பைக் கையால் அழுத்தினாள்.

“முழுக்கத் தா எண்டு இஞ்சை ஆர் கேட்டது?” என்றாள்.